கிளூனி மெக்பெர்சன்

கிளூனி மெக்பெர்சன் (மார்ச் 18, 1879 – நவம்பர் 16, 1966) இன்று கனடாவின் பகுதியாக உள்ள நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையினரை நச்சுவாயுவிலிருந்து காத்த ‘ஹைப்போ’ தலையுறையைக் கண்டுபிடித்தவர்.

இளமையும் பணியும்

செயின்ட் ஜான்ஸ் நகரில் பிறந்தார். மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1901இல் பட்டம் பெற்றார். லாப்ரடார் கடற்கரை மீனவர்களுக்குச் சிகிச்சையளித்த கிரென்ஃபெல் மருத்துவப் பணியில் சேர்ந்து உழைத்தார். போர் மூண்டபின் நியூஃபவுண்ட்லாந்துப் படைப்பிரிவின் முதன்மை மருத்துவ அதிகாரியானார்.

குளோரின் தாக்குதல்

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை 150 டன்னுக்கும் அதிகமான குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. காற்றைவிடக் கனமான அந்த வாயு பதுங்குகுழிகளுக்குள் இறங்கி நின்றது. நுரையீரல் புண்ணாகி நீர் கோத்ததால் வீரர்கள் மூச்சுத்திணறி இறந்தனர். நனைத்த துணியையும் பஞ்சையும் மூக்கில் பொத்திக்கொள்வதைத் தவிர அப்போது அவர்களுக்கு வேறு காப்பு இல்லை.

தலையுறை

இத்தகைய தாக்குதலிலிருந்து காக்க மெக்பெர்சன் உருவாக்கியது தலை முழுவதையும் மூடும் துணிப்பை. பார்ப்பதற்கு முகப்பக்கம் மைக்கா தகடு பதித்த சாளரம் ஒன்று இருந்தது. பையின் கீழ்விளிம்பைச் சட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொள்ள வேண்டும். புகைப்படம் கழுவ உதவும் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், சலவைச் சோடா, கிளிசரின் ஆகியவை கலந்த கரைசலில் துணி ஊறவைக்கப்பட்டது. உள்ளிழுக்கும் காற்றிலுள்ள குளோரினை ஹைப்போ செயலிழக்கச் செய்தது. துணி காய்ந்துவிடாமல் கிளிசரின் பார்த்துக்கொண்டது. வெளிமூச்சுக்குத் தனி வழி இல்லாததால் உள்ளே புழுக்கம் மிகுந்தது. ஆனால் கட்டிய துணியைப் போல நழுவாமல், கண்ணையும் மூக்கையும் ஒருசேரக் காத்தது. 1915 கோடையில் படையினருக்கு வழங்கப்பட்ட இத்தலையுறை சுமார் 25 லட்சம் எண்ணிக்கையில் தயாரானது.

பின்வந்த மாற்றங்கள்

போஸ்ஜீன் என்ற மற்றொரு நச்சுவாயுவை ஹைப்போவால் தடுக்க முடியவில்லை. எனவே வேறு வேதிப்பொருள்களும் வெளிமூச்சுக் குழாயும் கொண்ட தலையுறைகள் வந்தன. 1916இல் வடிகட்டிப் பெட்டியுடன் கூடிய சுவாசக் கருவி அவற்றின் இடத்தைப் பிடித்தது.

பிற்காலம்

1918இல் பிரிட்டிஷ் அரசு மெக்பெர்சனுக்கு சி.எம்.ஜி. என்ற கௌரவ விருதை அளித்தது. போருக்குப்பின் சொந்த ஊரில் மருத்துவராகத் தொடர்ந்தார்; நியூஃபவுண்ட்லாந்து மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். எளிதில் கிடைத்த துணியையும் மலிவான ரசாயனங்களையும் கொண்டு சில வாரங்களுக்குள் பெரும்படைக்கே காப்பளிக்க வழிசெய்தது இவருடைய பெரும் சாதனை.