ஆல் வீல் டிரைவ் கார்கள்: முறுக்குவிசை எந்தச் சக்கரத்துக்குச் செல்கிறது? 4 முறைகளின் ஒப்பீடு

மும்பை: பருவமழை தொடங்கியதும் செம்பூரிலிருந்து டிராம்பே வரையிலான சாலைகளில் வாகனம் ஓட்டுவது கடினமாகிவிடுகிறது. சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை, அனல் மின் நிலையம் ஆகியவற்றுக்கு வந்து செல்லும் டேங்கர்களும் லாரிகளும் நிறைந்த பகுதி இது. ஈரமான தார்ச்சாலை, ஓரத்துச் சேறு, தேங்கிய நீர் என மூன்றையும் ஒரே பயணத்தில் கடக்க நேரிடுகிறது. இத்தகைய சாலைகளுக்கு 'ஆல் வீல் டிரைவ்' அல்லது '4×4' கார் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், ஒரே பெயரில் விற்கப்படும் இந்த அமைப்புகள் ஒன்றுபோல இயங்குவதில்லை.

இந்தத் தொழில்நுட்பத்துக்கும் மும்பைக்கும் நீண்ட தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற வில்லிஸ் ஜீப்பை, 1940-களின் பிற்பகுதியில் மஹிந்திரா நிறுவனம் மும்பையில்தான் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கியது. அந்த ஜீப்பில் இருந்த அடிப்படை ஏற்பாடு இன்றைய மஹிந்திரா தார் காரிலும் தொடர்கிறது.

டிஃபரன்ஷியல் செய்யும் வேலை

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பற்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல், டார்க் எனப்படும் முறுக்குவிசையை இருபுறமும் சமமாகப் பிரிக்கிறது. அதன் குறையும் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சக்கரம் சேற்றில் உள்ளது; அது 100 நியூட்டன் மீட்டர் விசையைத் தாங்கியதுமே நழுவிவிடும். மறு சக்கரம் தார்ச்சாலையில் உள்ளது; அதனால் 900 வரை தாங்க முடியும். சமப் பங்கீடு என்பதால் நல்ல பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் 100 மட்டுமே கிடைக்கும், மொத்தம் 200. இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவிட்டால் மொத்தம் 1,000 வரை பயன்படுத்தலாம். எஞ்சினின் திறன் மாறவில்லை. அது சாலையைச் சென்றடையும் அளவு மட்டும் ஐந்து மடங்காகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையிலும் இதே கணக்கு பொருந்தும்.

1. பகுதிநேர 4×4

மஹிந்திரா தார், மாருதி சுசூகி ஜிம்னி, இந்தியாவில் விற்கப்படும் டொயோட்டா ஃபார்ச்சூனர் ஆகியவற்றின் 4×4 வகைகள் இம்முறையைச் சார்ந்தவை. இயல்பான ஓட்டத்தில் பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும். ஓட்டுநர் 4எச் நிலையைத் தேர்ந்தெடுத்ததும், டிரான்ஸ்பர் கேஸ் முன், பின் அச்சுகளுக்குச் செல்லும் தண்டுகளை ஒன்றாகப் பூட்டிவிடும். 4எல் நிலையில் வேகம் குறைந்து இழுவிசை பெருகும்.

இதனை '50:50 பங்கீடு' என்று கூறுவது சரியன்று. இங்கு சமமாக்கப்படுவது சுழல் வேகம், விசையன்று. முன்னச்சு வழுக்கும் சேற்றில் இருந்தால், ஏறத்தாழ முழு விசையும் பின்னச்சுக்கே சென்றுவிடும்.

சேற்றில் இது பெரும் பலம். காய்ந்த தார்ச்சாலையிலோ சிக்கல். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்கின்றன. தண்டுகள் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. டயர்கள் தேய்கின்றன, ஸ்டீயரிங் கனக்கிறது, பற்சக்கரங்களில் இறுக்கம் ஏறுகிறது. எனவே, சேற்றுப் பகுதியைக் கடந்ததும் 2எச் நிலைக்குத் திரும்புவது அவசியம்.

2. முழுநேர இயக்கம்

முன், பின் அச்சுகளுக்கு நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியலைப் பொருத்துவது இம்முறை. நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும். காய்ந்த சாலையிலும் இறுக்கம் ஏற்படாது. 1966-இல் வெளியான பிரிட்டனின் ஜென்சன் எஃப்எஃப் கார், விசையை முன்னச்சுக்கு 37 சதவீதம், பின்னச்சுக்கு 63 சதவீதம் எனப் பிரித்தது. 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஆடி குவாட்ரோ இம்முறையை உலகறியச் செய்தது.

நடு டிஃபரன்ஷியல் சாதாரணமானதாக இருந்தால், ஒரே ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் கார் நின்றுவிடும். இதனைத் தவிர்க்கவே டார்சன் எனப்படும் பற்சக்கர அமைப்பு உருவானது. ஓர் அச்சு நழுவத் தொடங்கியதும், உள் உராய்வின் மூலம் பிடிமானம் உள்ள அச்சுக்கு இது அதிக விசையை அனுப்புகிறது. கணினியின் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. 2010-இல் ஆடி ஆர்எஸ்5 காரில் வந்த வேறுவகை நடு டிஃபரன்ஷியல், இயல்பாக 40:60 எனப் பிரித்து, தேவைக்கேற்ப முன்னச்சுக்கு 70 சதவீதம் அல்லது பின்னச்சுக்கு 85 சதவீதம் வரை அனுப்பக்கூடியது.

3. தேவைக்கேற்ற இயக்கம்

நகர்ப்புற எஸ்யூவிகளில் அதிகம் காணப்படுவது இம்முறை. மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, மஹிந்திரா எக்ஸ்யுவி700 ஆகியவற்றின் ஆல் வீல் டிரைவ் வகைகள் இதற்கு எடுத்துக்காட்டு. பெரும்பாலான நேரம் முன்சக்கரங்களே காரை இழுக்கும். அவை நழுவுவதைச் சென்சார்கள் உணர்ந்ததும், பல தகடுகள் கொண்ட கிளட்ச் மின்னணுக் கட்டளையால் இறுகி, பின்னச்சுக்கு விசையை அனுப்பும்.

எரிபொருள் சிக்கனமும் எளிமையும் இதன் நன்மைகள். ஓட்டுநர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், பின்னச்சுக்குச் செல்லும் விசை கிளட்ச் தாங்கும் அளவைத் தாண்டாது. ஆழ்ந்த மணலிலோ சேற்றிலோ நெடுநேரம் போராடினால் தகடுகள் சூடேறும். அப்போது பல கார்களில் கணினி தற்காப்புக்காக இணைப்பைத் துண்டித்துவிடும். மழைநாள் நகரச் சாலைக்கு ஏற்ற இம்முறை, மலைக்காட்டுப் பாதைக்கானதன்று.

4. இரட்டை மோட்டார் மின்சாரக் கார்கள்

2025-இல் அறிமுகமான டாடா ஹாரியர் மின்சாரக் காரின் உயர் வகையில் முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று என இரு மோட்டார்கள் உள்ளன. நடுவே இணைப்புத் தண்டோ டிரான்ஸ்பர் கேஸோ இல்லை. விசைப் பங்கீடு முழுவதையும் மென்பொருள் தீர்மானிக்கிறது. இயந்திரப் பாகங்கள் நகரக் காத்திருக்க வேண்டாம் என்பதால் பதில் மிக வேகமாகக் கிடைக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. முன்சக்கரங்கள் நழுவும்போது முன் மோட்டாரின் திறனைப் பின்னச்சுக்கு மாற்ற வழியில்லை. பின் மோட்டாரின் உச்சத் திறன் எவ்வளவோ அவ்வளவே பின்சக்கரங்களுக்குக் கிடைக்கும்.

இடது, வலது சக்கரங்களுக்கு இடையே

மேற்கண்ட முறைகள் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான பங்கீட்டையே தீர்மானிக்கின்றன. ஒரே அச்சின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே சாதாரண டிஃபரன்ஷியலே இருந்தால் பழைய சிக்கல் அங்கேயும் எழும். ஃபோர்ஸ் கூர்க்கா காரில் இரு அச்சுகளையும் இயந்திர முறையில் பூட்டலாம். ஜிம்னி போன்றவை, நழுவும் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து மறுபுறத்துக்கு விசையைத் திருப்புகின்றன. இதில் செலவு குறைவு. ஆனால், விசையின் ஒரு பகுதி பிரேக்கில் வெப்பமாக வீணாகும்.

பிரேக்குக்கும் வெள்ளத்துக்கும் உதவுமா?

உதவாது. எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் உண்டு. ஈரச்சாலையில் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை டயர், பிரேக், வேகம் ஆகியவையே தீர்மானிக்கின்றன. ஆல் வீல் டிரைவ் கார் வழுக்கலின்றி எளிதாக வேகமெடுப்பதால், சாலையில் பிடிமானம் குறைந்திருப்பதை ஓட்டுநர் உணராமல் போகும் ஆபத்தும் உண்டு.

வெள்ளத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய நாளில் எந்த அமைப்பும் கைகொடுக்காது. 4 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உள்ள காரின் அடித்தளத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் நீர் ஏறினாலே, 500 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடான மிதப்பு விசை அதனை மேலே தூக்கும். டயர்கள் மீதான அழுத்தம் குறைய, பிடிமானமும் குறையும். காற்று உறிஞ்சும் குழாய்க்குள் நீர் புகுந்தால் எஞ்சின் பழுதாகும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

விற்பனைக் கூடத்தில் '4×4 உண்டா?' என்று மட்டும் கேட்பது போதாது. காய்ந்த சாலையிலும் பயன்படுத்தலாமா, குறைவேக கியர் உள்ளதா, பின்னச்சைப் பூட்ட முடியுமா ஆகிய மூன்று கேள்விகளுக்கான விடைகளே அந்தக் கார் எந்த வகை என்பதைக் காட்டிவிடும். வாங்கிய பின் நான்கு டயர்களையும் ஒரே அளவிலும் ஒத்த தேய்மானத்திலும் வைத்திருக்க வேண்டும்; சுற்றளவு வேறுபட்டால் கிளட்சும் பற்சக்கரங்களும் ஓயாமல் உரசிப் பழுதடையும்.

பெரும்பாலும் தார்ச்சாலையிலேயே பயணிப்பவர், ஆல் வீல் டிரைவுக்கான கூடுதல் தொகையில் ஒரு பகுதியை நல்ல டயர்களுக்குச் செலவிட்டால் மழைக்காலத்தில் அதிகப் பயன் பெறலாம். ஏனெனில், விசையை எந்த அமைப்பு பிரித்தாலும், இறுதியில் அதனைச் சாலையில் பதிப்பவை டயர்களே.