அம்பும் ஆண்டும்: போர்க்காலக் கைக்கருவிகளின் வயதறிதல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், கார்களின் பின்பெட்டியைத் திறந்துவைத்துப் பழம்பொருள் விற்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் நான் ஒரு ஸ்பேனர் வாங்கினேன். துருவேறிய இரும்புச் சாமான்களுக்கு நடுவே அது கிடந்தது. தண்டின் ஒரு பக்கத்தில் 1943 என்ற எண். அதனருகே மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் சிறிய அம்புக்குறி. அந்த அம்புக்காகவே விற்றவர் மற்ற ஸ்பேனர்களைப் போல நான்கு மடங்கு விலை சொன்னார். பேரம் பேசாமல் கொடுத்தேன். கொடுத்தது சரிதானா என்ற ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

அந்த அம்பு பிரிட்டிஷ் அரசின் உடைமைக்குறி. 'பிராட் ஆரோ' என்பது அதன் பெயர். அகன்ற அம்பு எனலாம். போர்க்காலக் கருவிகளோடு மட்டும் அதைச் சேர்த்துப் பார்ப்பது நம் காலத்துப் பழக்கம். உண்மையில் அது பல நூற்றாண்டுகள் பழையது. 1691ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் சாசனம், தனியாருக்கு வழங்கப்படாத நிலங்களில் 24 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள மரங்களை அரசக் கப்பற்படையின் பாய்மரங்களுக்கென ஒதுக்கியது. அம்மரங்களின் பட்டையில் கோடரியால் கொத்தியதும் இதே அம்பைத்தான். தம் கண்முன் வளர்ந்த மரத்தைத் தாம் வெட்டக்கூடாது என்பதைக் குடியேறிகள் எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. 1772இல் நியூ ஹாம்ப்ஷயரில் அது கலகமாகவே வெடித்தது. பின்னர் 1875ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, உரிமையின்றி இக்குறியைப் பொறிப்பதையும், அரசுடைமை என்பதை மறைக்கும் நோக்கில் அழிப்பதையும் குற்றமாக்கியது. அப்படியானால் அரசே ஒரு பொருளை விற்கும்போது என்ன செய்வது? பழைய அம்புக்கு எதிராக இன்னோர் அம்பைப் பொறித்தார்கள். நுனியோடு நுனி முட்டும் இரண்டு அம்புகளைக் கண்டால் அப்பொருள் முறைப்படி அரசின் கையைவிட்டு நீங்கியது என்று பொருள். கனடாவின் அம்பு 'சி' என்ற எழுத்துக்குள்ளும், தென்னாப்பிரிக்காவின் அம்பு 'யூ' என்ற எழுத்துக்குள்ளும் நிற்கும்.

விமானத்துறைக் கருவிகளில் 'ஏ.எம்.' என்ற எழுத்துகளின் மேல் ஒரு முடி இருக்கும். முடியின் வளைவுகள் மேல்நோக்கி உருண்டிருந்தால் அது மன்னர் காலத்தது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் அரசியின் காலத்தது, அதாவது போருக்குப் பிந்தையது. 2022இல் மூன்றாம் சார்லஸ் உருண்ட முடிக்கே திரும்பிவிட்டார். வருங்காலச் சேகரிப்பாளர்கள் பாடு திண்டாட்டந்தான்.

பொறித்த ஆண்டு இருந்தால் வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது கருவி பிறந்த ஆண்டையே சொல்லும். அது எங்கே இருந்தது, என்ன செய்தது என்பதைச் சொல்லாது. கிரீஸ் பூசித் தாளில் சுற்றிய நிலையிலேயே கிடங்கில் போரைக் கழித்துவிட்டு, பின்னர் உபரியாக விற்கப்பட்ட கருவிகள் ஏராளம். நான் ஆர்வத்தோடு பார்ப்பது ஆண்டே பொறிக்காத கருவிகளை. அவற்றின் வயதை, அவற்றில் எது இல்லை என்பதைக் கொண்டுதான் கண்டறிய வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்லி இழைப்புளி இதற்குத் தக்க சான்று. போருக்கு முந்தைய இழைப்புளியில் கைப்பிடியும் முன்குமிழும் ஈட்டி மரத்தால் ஆனவை. உளியலகை ஏற்றி இறக்கும் திருகுச் சக்கரம் பித்தளை. 1942 ஜனவரியில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் அமைந்தது. உலோகங்கள் பங்கிடப்பட்டன. பித்தளை தோட்டா உறைகளுக்குப் போயிற்று. செம்பைச் சேமிப்பதற்காக 1943இல் ஒரு சென்ட் நாணயத்தையே துத்தநாகம் பூசிய எஃகில் அச்சிட்ட காலம் அது. இழைப்புளி மட்டும் எப்படித் தப்பும்? பித்தளைச் சக்கரத்தின் இடத்தில் கறுப்பு நிறக் கெட்டி ரப்பரோ எஃகோ வந்தது. ஈட்டி மரம் போய்ச் சாயம் பூசிய வேறு மரம் வந்தது. நிக்கல் பளபளப்பு மறைந்தது. சிலவற்றில் அலகுத் தாங்கியை நகர்த்தும் திருகைக்கூட விட்டுவிட்டார்கள். வார்ப்பு மட்டும் முன்னைவிடத் தடித்தது. ரப்பரும் அன்று தாராளமாகக் கிடைத்த பொருளன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்த் தொழிலாளர்கள் பால்வெட்டிய மலேயாவின் தோட்டங்கள் 1942 தொடக்கத்திலேயே ஜப்பானியர் வசமாகிவிட்டன. ஒரு தட்டுப்பாட்டை இன்னொரு தட்டுப்பாட்டால் ஈடுகட்டிய விந்தை அந்தக் கறுப்புச் சக்கரம்.

சேகரிப்பாளர்கள் இந்த இழைப்புளிகளைப் 'பதினேழாம் வகை' என்று பட்டியலிட்டு 1942 முதல் 1945 வரை எனக் காலம் குறிக்கிறார்கள். பட்டியல் பயனுள்ளது, வேதமன்று. தொழிற்சாலை, பெட்டியில் மிஞ்சிய உதிரிப்பாகத்தைத் தூக்கி எறிவதில்லை. போர் முடிந்த மறுநாளே பித்தளை திரும்பிவிடவும் இல்லை. தச்சர்களோ உடைந்த கைப்பிடிக்குக் கிடைத்ததைப் பொருத்தினார்கள். ஆகவே ஓர் உறுப்பை மட்டும் பார்த்து ஆண்டு சொல்பவரை நான் நம்புவதில்லை. வார்ப்பின்மீது காணும் காப்புரிமை நாளை உற்பத்தி நாளாகக் கொள்வதும் இதே வகைப் பிழைதான். கருவி அந்நாளுக்கு முந்தையதன்று என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. பலர் இந்தப் போர்க்கால இழைப்புளிகளை அழகற்றவை என்று ஒதுக்குகிறார்கள். அழகற்றவைதாம். ஆனால் வேறெந்த ஆண்டின் இழைப்புளியும் தன் காலத்தை இவ்வளவு வெளிப்படையாக உடம்பில் காட்டுவதில்லை.

ஸ்பேனர்களின் கதை இன்னும் சிக்கலானது. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த திருகுமரை முறையில் ஸ்பேனரில் பொறிக்கும் எண், போல்ட்டின் விட்டமே தவிர ஸ்பேனர் வாயின் அகலமன்று. போர்க்காலத்தில் எஃகை மிச்சப்படுத்துவதற்காக, விட்வொர்த் நட்டுகளின் அறுகோணத் தலையை ஒரு படி சிறிதாக்கி, நுண்மரை முறையின் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். போருக்குப் பின்னும் பழைய அளவு திரும்பவில்லை. ஆகவே 'கால் அங்குலம் டபிள்யூ' என்று பொறித்த பழைய ஸ்பேனர், புதிய கால் அங்குல நட்டில் தொளதொளவென்று சுழன்று அதன் மூலைகளை மழுக்கிவிடும். எண் ஒன்றே; வாய் வேறு. ஒரே வாயில் 'கால் டபிள்யூ' என்றும் '5/16 பி.எஸ்.' என்றும் இரண்டு எண்களைக் காணும் புதியவர் குழம்புவதில் வியப்பில்லை. நட்டு ஒவ்வொன்றிலும் மிஞ்சியது சிறு துணுக்கு எஃகுதான். அதையும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையில் ஒரு நாடு இருந்தது.

சேகரிப்பவர் கையாலேயே அழியும் சான்றுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் குரோமியம் கிடைக்காமல் பல ஸ்பேனர்களுக்குக் காட்மியம் பூசினார்கள், அல்லது கருமையாக்கி அப்படியே விட்டார்கள். அந்த மங்கல் நிறமே அவற்றின் பிறப்புச் சான்று. நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த ஒன்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, குரோமியம் பூசி, கண்ணாடிபோல் ஆக்கிக்கொண்டு வந்து காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காட்மியத் தூள் நச்சு என்பதை மட்டும் எச்சரித்தேன்.

இனி என் ஸ்பேனர். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். 1943 என்ற எண்ணின் விளிம்புகளைத் துருக்குழிகள் அரித்திருந்தன. நான்கின் கால் பாதி கரைந்துபோயிருந்தது. அம்பு அப்படியில்லை. அதன் கோடுகள் துருக்குழிகளுக்கு ஊடே, குழிகளையே வெட்டிக்கொண்டு, கூர்மையாக ஓடின. குழிகள் விழுந்த பிறகு அடித்த முத்திரை அது. பல பத்தாண்டுகள் கழித்து யாரோ ஒருவர், எந்த அரசின் உரிமையும் இன்றி, விலைக்காக அடித்தது.

அரத்தை எடுத்து அந்த அம்பைத் தேய்த்துவிடலாமா என்று சற்று நேரம் யோசித்தேன். பிறகு அதுவும் இந்த ஸ்பேனருக்கு நேர்ந்த ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். எண்ணெய் தடவி, தண்டில் ஒரு சிறிய அட்டையைக் கட்டி, 'ஆண்டு மெய். அம்பு பிற்காலத்தது' என்று எழுதி, மற்றவற்றோடு ஆணியில் மாட்டியிருக்கிறேன். தோட்டத்துக் கதவின் பழைய போல்ட்டுக்கு அது சரியாகப் பொருந்துகிறது.