கெபி

கிருஷ்ணகிரி, எலத்தகிரி, மத்திகிரி என்று ஊர்ப்பெயர்களிலேயே மலை நிற்கும் இவ்வெல்லைச் சீமையில், கத்தோலிக்கத் தேவாலயப் பிராகாரத்தினுள் நுழைவோரை, பாறைபோல் அடுக்கிய ஒரு செயற்கைக் குடைவும், அதன் மாடத்தில் வெண்ணாடையும் நீலக் கச்சையும் தரித்த மாதா சுரூபமும் எதிர்கொள்வதுண்டு. அதனைக் குகை என்று சொல்வாரில்லை. ஜனங்கள் வழங்கும் பெயர் கெபி.

1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், பிரான்ஸ் தேசத்து லூர்து நகரில், விறகு பொறுக்கச் சென்ற பெர்நதெத் என்னும் பதினான்கு வயது ஏழைச் சிறுமிக்கு மசபியேல் பாறைக் குடைவிலே தேவமாதா தரிசனம் தந்தார் என்ற செய்தி பரவியபின், அக்குடைவின் பிரதிகள் உலகெங்கும் எழுந்தன. பிரெஞ்சுக் குருமார் நெடுங்காலம் ஊழியம் செய்த சேலம் மறைமாவட்டத்திலும், அதிலிருந்து 1997இல் பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்திலும் அவ்வமைப்பு வேரூன்றியது இயல்பே.

பெயரோ இம்மண்ணுக்கு உரியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் குகைக்குக் ‘கவி’ என்று பெயர்; ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், குடைவரையில் எழுந்தருளிய ஈசன் கவி கங்காதரேசுவரர் என்றே வழங்கப்பெறுகிறார். தமிழில் இதற்கு இனமான ‘கெவி’ மலைக்குடைவையும் ஆழ்ந்த பள்ளத்தையும் உணர்த்தும். கொடைக்கானல் சரிவிலுள்ள வெள்ளகெவி என்னும் சிற்றூர் அச்சொல்லைக் காத்துவருகிறது. வகரம் பகரமாய் ஒலித்த வடிவமே கெபி எனக் கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பழைய தமிழ் வேதாகமத்தில் இச்சொல்லின் ஆட்சி விரிந்தது: தானியேல் போடப்பட்டது சிங்கங்களின் கெபி, எலியா தீர்க்கதரிசி ஓரேப் மலையில் தங்கியதும் கெபி. மிருகத்துக்கும் முனிவனுக்கும் பொதுவாயிருந்த அச்சொல், பேச்சுவழக்கில் குகை என்னும் வடசொல்லுக்கு இடம் விட்டு ஒதுங்கி, மாதாவின் சந்நிதி ஒன்றிலேயே நிலைபெற்றது.

அச்சந்நிதியின் சிற்பமுறை தேவாலயத்தினின்று வேறானது. ஆலயத்துக்குத் தூணும் வளைவும் ஒழுங்கும் வேண்டும். கெபிக்கோ ஒழுங்கின்மையே லட்சணம். கருங்கல்லை முரடாக அடுக்கியோ, கம்பிவலைமேல் சிமெந்து பூசிப் பாறை வடிவம் தந்தோ, பக்கவாட்டில் உயரமான மாடம் விட்டு, கீழே மண்டியிட்ட சிறுமியின் சுரூபத்தை வைத்துக் கட்டுவர். முகப்பு வெளிமுற்றத்தை நோக்கித் திறந்திருப்பதால், ஆலயம் பூட்டிய வேளையிலும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றலாம்; எம்மதத்தினரும் தயக்கமின்றி வந்து நிற்கலாம். ‘கெபி: குகை’ என்ற அளவில் நின்றுவிடும் அகராதிகள், மக்கள் நாவில் உயிரோடிருக்கும் இப்பொருளையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.