தேனியில ஏன் வியட்நாம் கடை இல்ல?

இந்த எபிசோடு ஒரு பில்லுல ஆரம்பிக்குது.

என் சித்தி பையன் சின்னமனூர்லேர்ந்து சென்னைக்கு வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. ஒரு சனிக்கிழமை அவனை வியட்நாம் சாப்பாடு சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன். பெரிய கிண்ணம், அதுல எலும்புச் சாறு, அரிசி நூடுல்ஸ், மேல கொஞ்சம் கீரைத் தழை, ஓரமா எலுமிச்சை. பேரு ஃபோ. ரசிச்சுத்தான் சாப்பிட்டான். பில் வந்ததும் முகம் மாறிடுச்சு. "அண்ணே, இந்தக் காசுக்கு நம்ம ஊர்ல நாலு பேரு பரோட்டா சாப்ட்டு, ஆளுக்கொரு ஆஃப்பாயிலும் போட்டிருக்கலாம்."

அவன் சொன்னது சரிதான். ஆனா அதுக்குள்ள ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கு. ஃபோங்கிறது ஹனாய்ல தெருவோரக் காலைச் சாப்பாடு. பாரிஸ்லயும் கலிஃபோர்னியாவுலயும் வியட்நாம் கடைன்னா, கையில காசு குறைவா இருக்கிற நாள்ல போற தெருமுனைக் கடை. நம்ம ஊருக்கு வரும்போது மட்டும் அது ஏன் ஏசி அறைக்குள்ள போய் உட்கார்ந்துக்குது? தேனியிலயோ கம்பத்துலயோ அப்படி ஒரு மலிவான கடையை நான் பார்த்ததில்லை. வியட்நாமுக்கும் தமிழனுக்கும் தொடர்பே இல்லாததாலன்னு நினைச்சீங்கன்னா, இல்லை. நூறு வருஷத்துக்கு மேல தொடர்பு இருக்கு.

முதல்ல ஃபோவோட கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். வட வியட்நாம்ல, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல உருவான சாப்பாடு அது. அங்க மாடு உழவுக்குத்தான், மாட்டுக்கறி அதிகம் சாப்பிட மாட்டாங்க. ஆட்சி பண்ண பிரெஞ்சுக்காரங்களுக்குக் கறி வேணும், அதனால எலும்பு மிஞ்சுச்சு. அந்த எலும்பைக் கொதிக்க வச்சுத் தோள்ல காவடி மாதிரி தூக்கிட்டு, தெருத்தெருவா வித்தாங்க. 1954ல ஜெனீவா ஒப்பந்தப்படி நாடு ரெண்டாப் பிரிஞ்சப்போ, வடக்குலேர்ந்து தெற்குக்கு எட்டு லட்சத்துலேர்ந்து பத்து லட்சம் பேர் வரைக்கும் இடம்பெயர்ந்தாங்க. சைகோன்ல ஃபோ கடைகள் பெருகினது அவங்களாலதான். 1975 ஏப்ரல் 30 சைகோன் வீழ்ந்தது. மறுபடியும் அகதிகள். பாரிஸோட பதிமூணாவது வட்டாரத்துல ஆளில்லாமக் கிடந்த அடுக்குமாடிகள்ல குடியேறினாங்க. கலிஃபோர்னியாவுல வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் கடைகள் திறந்தாங்க. இன்னைக்கு அந்தப் பகுதிக்கு 'லிட்டில் சைகோன்'னு பேரு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. அந்தக் கடைகளை வெள்ளைக்காரனுக்கு வியட்நாம் ருசியை அறிமுகப்படுத்தணும்னு யாரும் திறக்கலை. ஊரை விட்டு வந்தவன் இன்னொரு ஊரை விட்டு வந்தவனுக்குச் சோறு போட்டான். கைல இருந்தது சமையல் ஒண்ணுதான், சாப்பிட வந்தவன்கிட்டயும் காசு இல்லை, அதனால விலை குறைவு. பக்கத்துத் தெருக்காரன் மோப்பம் பிடிச்சு வந்தது அப்புறம்தான்.

இப்போ நம்ம கதை.

பிரெஞ்சு ஆட்சியில சைகோன்ல தமிழர்கள் இருந்தாங்க. ஒரு பக்கம் நகரத்தார், வட்டிக்கடை. இன்னொரு பக்கம் காரைக்கால், நாகூர் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள், துணிக்கடை. மூணாவது பாண்டிச்சேரிக்காரங்க. 1881ல ஒரு பிரெஞ்சு ஆணை வந்துச்சு: உங்க சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கிட்டீங்கன்னா நீங்க பிரெஞ்சுக்காரர் கணக்கு. அப்படி ஏத்துக்கிட்டவங்க நிறைய பேர் சைகோன்ல போலீஸ், வரி, நீதிமன்றம்னு அரசு வேலைக்குப் போனாங்க. இன்னைக்கும் ஹோ சி மின் நகரத்துல ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு, வியட்நாம் மக்கள்தான் பெரும்பாலும் கும்பிடறாங்க. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல கட்டின மசூதியும் இருக்கு. வியட்நாம்காரங்க தேங்காய்ப்பால் ஊத்தி ஒரு கோழிக்கறி வைப்பாங்க, பேரு 'கா ரி'. அதை பிரெஞ்சு ரொட்டியோட தொட்டுச் சாப்பிடுவாங்க. நம்ம 'கறி'தான், யூனிஃபார்ம் மாத்திக்கிட்டு நிக்குது.

சரி, இவ்வளவு பேர் போயிட்டுத் திரும்பி வந்தாங்களே, வியட்நாம் சாப்பாடு கூட வரலையா? வந்துச்சு. பாண்டிச்சேரியில பழைய பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள்ல 'சா யோ' போடுவாங்க. அரிசித்தாள்ல கறியும் காயும் வச்சுச் சுருட்டி எண்ணெயில பொரிக்கிறது. சில வீடுகள்ல பாட்டியே வியட்நாம்காரம்மாதான். ஆனா அது பெரும்பாலும் வீட்டு அடுப்பைத் தாண்டலை. விசேஷத்துக்குச் செய்வாங்க, தெரிஞ்சவங்களுக்குக் கொடுப்பாங்க. தெருவுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. ஏன்னா திரும்பி வந்த அரசு ஊழியருக்கு பிரான்ஸ்லேர்ந்து பென்ஷன் வந்துச்சு. பென்ஷன் வாங்குற வீட்டம்மா ராத்திரி எட்டு மணிக்குப் பிளாட்ஃபார்ம்ல ஸ்டவ் போட்டு உட்கார மாட்டாங்க. 1975ல எல்லாத்தையும் இழந்தவங்களும் உண்டு, மறுக்கலை. ஆனா அவங்கள்ல பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தவங்களுக்கு பாரிஸ் போக வழி இருந்துச்சு.

இப்போ அதே கடலோட இன்னொரு கரை. பர்மா.

1931 கணக்கெடுப்புல பர்மாவுல இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல. ரங்கூன் நகரத்துல பாதிக்கு மேல இந்தியர்கள்தான். ஐராவதி டெல்டாவுல நெல் விளைய, நகரத்தார் கடன் கொடுக்க, துறைமுகத்துல மூட்டை தூக்கத் தமிழரும் தெலுங்கரும் போனாங்க. 1930கள்ல விலை சரிஞ்சப்போ கடனுக்கு ஈடா பர்மிய விவசாயியோட நிலம் செட்டியார் கைக்கு வந்துச்சு. கீழ்ப் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் அப்படிப் போச்சு. இதை நாம விட்டுட்டுப் பேசக் கூடாது. பின்னால வந்த கோபத்துக்கு இது ஒரு காரணம். ஆனா அந்தக் கோபத்தோட விலையை அதிகமாக் கொடுத்தவங்க மூட்டை தூக்கினவங்களும் சின்னக் கடைக்காரங்களும்.

1941 டிசம்பர்ல ஜப்பான் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானவங்க நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினாங்க. வழியில செத்தவங்க பல்லாயிரம். போர் முடிஞ்சு கொஞ்சப் பேர் திரும்பிப் போனாங்க. 1962 மார்ச்ல நெ வின் ராணுவ ஆட்சி. கடைகள், வங்கிகள் எல்லாம் அரசுடைமை. 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. நோட்டு செல்லாதுன்னா என்னன்னு நமக்குத் தனியா விளக்க வேண்டியதில்லை. அந்தப் பத்தாண்டுல சுமார் மூணு லட்சம் இந்தியர்கள் கிளம்பினாங்க. நகையைக்கூட முழுசா எடுத்துட்டு வர விடலை. மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கும்போது பலர் கையில துணி மூட்டைதான்.

இந்தியா அவங்களுக்குக் காலனிகள் கொடுத்துச்சு, சின்னக் கடன் கொடுத்துச்சு. வியாசர்பாடியில குடியேறினாங்க, காரைக்குடியில பர்மா காலனின்னே ஒரு பகுதி இருக்கு. 1969ல மெட்ராஸ் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ல பர்மா பஜார் வந்துச்சு. பகல் முழுக்க அங்க கடையில நிக்கிறவனுக்கு சாயங்காலம் பசிக்கும், நாக்கு ரங்கூனைத் தேடும். பஜாருக்குப் பின்னாடி செகண்ட் லைன் பீச்ல தள்ளுவண்டி வந்துச்சு. அத்தோ.

'அத்தோ'ன்னா பர்மிய மொழியில கையால பிசைஞ்சதுன்னு அர்த்தம். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், துருவின முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், வறுத்த வெங்காயமும் பூண்டும் ஊறின எண்ணெய், மேல நொறுக்கின பேஜோ தட்டை. எல்லாத்தையும் கையால ஒரு பிசை பிசைஞ்சு தட்டுல கொட்டுவாங்க. பக்கத்துல ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவுல மீனை வேகவச்சு வாழைத்தண்டு போட்டுச் செய்யற மொய்ங்காவோட உறவு அது. வேக வச்ச முட்டையைக் கீறி உள்ள வறுத்த வெங்காயம் வச்சும் தருவாங்க. பர்மியப் பிசையல்ல இருக்கிற மீன் சாஸ் சென்னைத் தட்டுல பெரும்பாலும் இருக்காது. வாங்கற ஆளுக்கு ஏத்த மாதிரி மாறிடுச்சு. அது கெட்டுப்போன வடிவம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. அறுபது வருஷமா இங்க இருக்கிற சாப்பாடு இந்த ஊர்ச் சாப்பாடுதான்.

ஆக ரெண்டு ஊர்லேர்ந்து தமிழன் திரும்பினான். சைகோன்லேர்ந்து வந்தவன்ல பலருக்குப் பென்ஷன் இருந்துச்சு, சமையல் வீட்டுக்குள்ள நின்னுடுச்சு. ரங்கூன்லேர்ந்து வந்தவனுக்கு ஒண்ணும் இல்லை, சமையல் ரோட்டுக்கு வந்துச்சு. நாம "சீப் அண்ட் பெஸ்ட்"னு ரிவ்யூ எழுதற அந்த 'சீப்' 1964ல துறைமுகத்துல இறங்கின மூட்டையோட எடைதான்.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நம்ம பரோட்டா?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. முல்லைப் பெரியாறு அணை 1895ல வந்ததுக்கப்புறம் கம்பம் பள்ளத்தாக்கு நெல்லால வாழுது. இருந்தும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பத்துலயும் உத்தமபாளையத்துலயும் மணக்கிறது மைதா. காரணம் ரொம்ப தூரத்துல இல்லை. விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல குமுளி வழியாவும் கம்பம்மெட்டு வழியாவும் ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க, சாயங்காலம் உடம்பு வலியோட இறங்குறாங்க. வீட்டுக்குப் போய் உலை வைக்கிறதுக்குள்ள ராத்திரி ஆயிடும். நாலு பரோட்டா, சால்னா எவ்வளவு வேணும்னாலும். ரங்கூனுக்கும் இதே பரோட்டா போயிருக்கு, அங்க பேரு பலாத்தா. போனவனும் கூலிக்காரன்தான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தேனியில ஒரு கட்டட வேலை நடக்குற இடத்துக்குப் பக்கத்துல தகரக் கொட்டகை. போர்டு இல்லை. வடக்கத்திப் பையன் ஒருத்தன் ரொட்டி சுட்டுப் போட்டுட்டு இருந்தான், உருளைக்கிழங்குக் குழம்பு, பச்சை மிளகாய், வெங்காயம். சாப்பிட்டவங்க எல்லாருமே அவன் ஊர்க்காரங்க, நான் ஒருத்தன்தான் வேற. எவ்வளவுன்னு கேட்டேன், விரலைக் காட்டினான். மூணு ரொட்டி, நாப்பது ரூபா. எழுந்திருக்கும்போது இன்னொரு உள்ளூர் ஆளு பைக்கை ஓரங்கட்டி நிறுத்திட்டு, "ஏம்ப்பா, பார்சல் உண்டா?"ன்னு கேட்டாரு.