பரிந்துரைப் பட்டியலும் விடுபட்ட நூல்களும்: நியூயார்க் பொது நூலகச் சிறார் பிரிவின் வரலாற்றை முன்வைத்து

சிறார் நூல்களைப் பெரும்பாலும் சிறார் வாங்குவதில்லை. பெற்றோரோ ஆசிரியரோ நூலகரோ வாங்குகின்றனர்; அவர்களும் ஆண்டுதோறும் வெளிவரும் படநூல்கள், புதினங்கள் அனைத்தையும் படித்துப் பார்த்த பின் வாங்குவதில்லை. எனவே எழுதுபவருக்கும் படிக்கும் குழந்தைக்கும் நடுவே, ‘இதனை வாங்கலாம்’ என்று சொல்லும் மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். ஆசிரியரையும் ஓவியரையும் விரிவாகப் பேசும் சிறார் இலக்கிய வரலாறுகள் இம்மூன்றாமவருக்கு ஓரிரு பத்திகளே ஒதுக்குகின்றன. இப்பணி நிறுவன வடிவம் பெற்ற இடங்களுள் நியூயார்க் பொது நூலகம் முதன்மையானது. அங்கு உருவான பட்டியல்கள் எந்த அளவுகோலால் எவற்றை உள்ளே கொணர்ந்தன, எவற்றை வெளியே நிறுத்தின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னை மாகாணத்தோடு தொடர்புடைய ஒரு படநூல் இவ்வரலாற்றின் நடுவே வந்து நிற்பதும் கருதத்தக்கது.

ஆன் கரோல் மூரின் காலம்

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் சிறுவர்க்கு நுழைவு இல்லை. இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் ஆன் கரோல் மூர் (1871–1961). 1896இல் புரூக்ளின் பிராட் நிறுவனத்தின் சிறார் அறைப் பொறுப்பை ஏற்ற இவர், 1906 முதல் 1941இல் ஓய்வு பெறும்வரை நியூயார்க் பொது நூலகத்தின் சிறார் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். 1911இல் திறக்கப்பட்ட மையக் கட்டடத்தில் குழந்தைகளின் உயரத்திற்கேற்ற இருக்கைகளும் கைக்கெட்டும் நிலைத்தட்டுகளும் கொண்ட அறை அமைந்தது. பதிவேட்டில் தம் பெயரெழுதி, நூலைக் காப்பதாக உறுதியளித்த எக்குழந்தையும் நூல்களை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம்.

குழந்தைகளுக்கு நூலகத்தைத் திறந்துவிட்ட மூரே எந்நூல் அதனுள் நுழையலாம் என்பதையும் முடிவுசெய்தார். 1918 முதல் ‘தி புக்மேன்’ இதழிலும், 1924 முதல் ‘நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன்’ நாளிதழின் ‘மூன்று ஆந்தைகள்’ பகுதியிலும் அவர் சிறார் நூல்களுக்குத் தொடர்ந்து மதிப்புரை எழுதினார். கிறித்துமசுப் பருவத்தை ஒட்டி நூலகம் வெளியிட்ட பட்டியலைப் பிற நகரங்களின் நூலகர்களும் கடைக்காரர்களும் எதிர்நோக்கினர். பதிப்பாளர்கள் அச்சுக்கு முன்பே படிகளை அவரிடம் காட்டிக் கருத்தறிந்தனர். ‘வாங்கப் பரிந்துரைக்கப்படவில்லை’ எனும் பொருளுடைய முத்திரை ஒன்று அவர் மேசையில் இருந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அவர்தம் அதிகாரம் கதையன்று.

அவரைச் சுற்றியிருந்த சூழலும் இவ்வதிகாரத்திற்கு உரமிட்டது. மேக்மில்லன் நிறுவனம் 1919இல் சிறார் நூல்களுக்கெனத் தனித்துறை தொடங்கியது. அதே ஆண்டில் சிறார் நூல் வாரமும் தோன்றியது. 1922இல் நியூபெரி பதக்கம், 1924இல் ‘ஹார்ன் புக்’ இதழ், 1938இல் படநூல்களுக்கான கால்டெகாட் பதக்கம் ஆகியன அடுத்தடுத்து வந்தன. நூலகர், பதிப்பாசிரியர், இதழாசிரியர் என்னும் மூன்று பொறுப்புகளிலும் பெரும்பாலும் பெண்களே இருந்தனர், ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள். தரத்திற்கு இவ்வட்டம் ஆற்றிய பணி பெரிது. ஆனால் அத்தரம் யாது என்பது எங்கும் வரையறுக்கப்படவில்லை. தேர்ந்த வாசகரின் சுவையுணர்வே அளவுகோலாக நின்றது.

சுவையுணர்வு பிழைத்த இடங்கள் இரண்டு பலராலும் எடுத்துக்காட்டப்படுவன. ஈ. பி. ஒயிட்டைச் சிறார்க்கு எழுதுமாறு தூண்டியவர் மூர். அந்நூல் ‘ஸ்டூவர்ட் லிட்டில்’ (1945) என உருவானபோது, மனிதத் தாய்க்கு எலியுருவில் பிள்ளை பிறக்கும் கதையை அவரால் ஏற்க இயலவில்லை. வெளியிட வேண்டாமென ஒயிட்டின் மனைவிக்கு நீண்ட மடல் எழுதினார். நூல் வெளிவந்தது, நன்கு விற்றது. மார்கரெட் வைஸ் பிரவுனின் ‘குட்நைட் மூன்’ (1947) பெற்ற விளைவு இதனினும் கடுமையானது. அதனை வெறும் உணர்ச்சிக்குழைவாகக் கருதிய நியூயார்க் பொது நூலகம் 1972வரை வாங்கவே இல்லை. தேவதைக் கதையும் கற்பனையுலகுமே குழந்தைக்கு உகந்தவை என்றது மூரின் மரபு. குழந்தை அன்றாடம் காணும் நாற்காலி, சீப்பு, கஞ்சிக் கிண்ணம் ஆகியவற்றிலிருந்தே கதை பிறக்கலாம் என்றது பிரவுன் பயின்ற பேங்க் ஸ்ட்ரீட் கல்விக்குழு. முதல் தரப்பு நிலைத்தட்டைக் கையில் வைத்திருந்தமையால், இக்கருத்து வேறுபாட்டின் விலையை ஒரு தலைமுறைக் குழந்தைகள் கொடுத்தனர்.

கொடைக்கானலிலிருந்து அமெரிக்காவுக்கு

வெளியே நிறுத்தப்பட்ட நூலைவிட, ஐயமின்றி உள்ளே வரவேற்கப்பட்ட நூலே ஒரு பட்டியலின் இயல்பைக் கூடுதலாகக் காட்டும். ஹெலன் பேனர்மேனின் ‘லிட்டில் பிளாக் சாம்போ’ (1899) அத்தகையது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த கணவருடன் சென்னை உள்ளிட்ட இடங்களில் நெடுங்காலம் வாழ்ந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி இவர். வெயிலுக்கு அஞ்சிக் கொடைக்கானலில் தங்கவைத்த மகள்களைப் பிரிந்து திரும்பிய தொடர்வண்டிப் பயணத்தில் அவர்களுக்காக இக்கதையை எழுதினார் என்று பரவலாகக் கூறப்படுகிறது. கடைத்தெரு, புலிகள், மரத்தைச் சுற்றி ஓடி ஓடி உருகி அவை நெய்யாவது எனக் கதையின் களம் முற்றிலும் இந்தியாவே. சிறுவனின் பெயரும் உருவமும் மட்டும் வேறு. ‘சாம்போ’ என்பது அமெரிக்காவில் கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டிய சொல். பேனர்மேன் வரைந்த படங்களும் கேலிச்சித்திர மரபினின்று விலகியவை அல்ல.

நூலின் உரிமையை அவர் ஐந்து பவுண்டுக்கு இழந்திருந்தார். இதனால் அமெரிக்கப் பதிப்பாளர் பலர் தத்தம் விருப்பப்படி படம் வரைந்து வெளியிட்டனர். இந்தியக் கடைத்தெரு மறைந்து, அமெரிக்கத் தென்பகுதித் தோட்டங்களின் கேலியுருக்கள் அவ்விடத்தைப் பிடித்தன. சிறந்த சிறார் நூல்கள் எனும் தலைப்பிட்ட பட்டியல்களில் பல பத்தாண்டுகள் இந்நூல் இடம்பெற்றது. கதையின் ஓட்டம் சிறந்தது, குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றனர் என்பது பரிந்துரைத்தோரின் வாதம். எந்தக் குழந்தைகள் என்ற வினா அவர்களிடம் எழவில்லை.

அக்கால வட்டத்தை அயலாருக்கு முற்றிலும் மூடியதாகக் கொள்வதும் பொருந்தாது. கொல்கத்தாப் புறா ஒன்றின் கதையான தன் கோபால் முகர்ஜியின் ‘கே நெக்’ 1928இல் நியூபெரி பதக்கம் பெற்றது. தொலைவிலிருந்த இந்தியாவைச் சுவையுணர்வு எளிதில் வரவேற்றது. சில தெருக்கள் தள்ளி வாழ்ந்த ஹார்லெம் குழந்தைக்கே அதில் இடமில்லை.

அகஸ்டா பேக்கரின் அளவுகோல்

ஹார்லெமின் 135ஆம் தெருக் கிளையில் 1921இல் பணியேற்ற புவேர்ட்டோ ரிக்கோப் பெண் பூரா பெல்ப்ரே, தம் மக்களின் கதைகள் தட்டில் இல்லை எனக் கண்டு தாமே சொல்லத் தொடங்கி, 1932இல் ‘பெரெஸ் அண்டு மார்ட்டினா’ என நூலாக்கினார். அதே கிளைக்கு 1937இல் வந்த அகஸ்டா பேக்கர் (1911–1998) இக்குறையை வேறு வழியில் அணுகினார். அங்கு வந்த கறுப்பினக் குழந்தைகள் தம்மைப் போன்றோரை நூலில் காணும்போதெல்லாம் வேலைக்காரராகவோ கோமாளியாகவோதான் கண்டனர். 1939இல் கறுப்பின வாழ்வைச் செம்மையாகக் காட்டும் நூல்களைத் திரட்டித் தனித்தொகுப்பு அமைத்தார். 1946இல் அதனடிப்படையில் விளக்கப் பட்டியல் ஒன்றை நூலகம் வெளியிட்டது. 1971இல் ‘சிறார் நூல்களில் கறுப்பின வாழ்வனுபவம்’ எனும் பொருள்படும் புதுப்பெயர் பெறும்வரையிலும் அதன் பின்னரும் அது திருத்தப்பட்டு வந்தது.

இப்பட்டியலின் புதுமை அதன் அளவுகோலில் உள்ளது. மொழி, கருப்பொருள், படம் ஆகிய மூன்றையும் பேக்கர் வெளிப்படையாக முன்வைத்தார். பேச்சு வழக்கு கேலிக்காகத் திரிக்கப்பட்டுள்ளதா? கதைமாந்தர் அச்சில் வார்த்த உருக்களா? படத்தில் உள்ளவர் மனிதராகத் தோன்றுகிறாரா? இவ்வினாக்களின் முன் கேலியுருச் சாம்போக்கள் நிற்க இயலவில்லை. அளவுகோல் சொல்லப்பட்டுவிட்டால் எவரும் அதனைக் கையாளலாம், எதிர்த்தும் வாதிடலாம். மூரின் சுவையுணர்வை அவரே கையாள முடிந்தது. மேலும், தகுதியான நூல்கள் மிகக் குறைவு என்பதையே பட்டியலின் சிறுமை அறிவித்தது. பேக்கர் பதிப்பாளர்களைச் சந்தித்து, எழுதப்படாதவற்றை வெளியிடுமாறு வலியுறுத்தினார். பட்டியல் என்பது இருப்பவற்றின் தொகுப்பு என்ற நிலை மாறி, இல்லாதவற்றிற்கான கோரிக்கையாயிற்று. மூரின் நீண்ட ஆட்சியைவிட இச்சிறு பட்டியலையே சிறார் இலக்கியத்தின் பெருந்திருப்பமாகக் கொள்ளலாம். பேக்கரின் பணி மூரின் தலைமைக்காலத்திலேயே தொடங்கியது என்பதையும் உடன்வைத்து நோக்குதல் முறை. 1961இல் நூலகத்தின் சிறார் பணிகள் அனைத்திற்கும் ஒருங்கிணைப்பாளரான பேக்கர், 1974இல் ஓய்வு பெற்றார்.

எண்ணிக்கை கூறுவது

பேக்கர் நூலகத்தட்டில் கண்ட வெற்றிடத்தை எண்களாக்கியவர் நான்சி லாரிக். படங்களில் உள்ளோர் ஏன் எப்போதும் வெள்ளையராகவே இருக்கின்றனர் என ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்ட கேள்வி இவ்வாய்வுக்குத் தூண்டுதல். 1962 முதல் 1964வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறார் நூல்களில், கறுப்பினத்தவர் ஒருவரேனும் சொல்லிலோ படத்திலோ இடம்பெற்றவை 349, அதாவது 6.7 விழுக்காடு. அவற்றுள்ளும் பெரும்பகுதி அயல்நாட்டையோ கடந்த காலத்தையோ களமாகக் கொண்டவை. சமகால அமெரிக்கக் கறுப்பினத்தவரைக் காட்டியவை ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. இக்கட்டுரை 1965 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் பள்ளி நூலகங்களுக்குக் கூட்டரசின் பணத்தைக் கொண்டுவந்தது. நூல் வாங்கப் பணமும் எந்நூல் வேண்டும் என்ற கோரிக்கையும் ஒருங்கே வந்தபோதே பதிப்பாளர்கள் அசைந்தனர்.

எஸ்ரா ஜாக் கீட்சின் ‘தி ஸ்னோயி டே’ (1962) இவ்விவாதத்தில் சிக்கிய நூல். பனியில் விளையாடும் கறுப்பினச் சிறுவன் பீட்டரைக் கதைத்தலைவனாக்கி, 1963இல் கால்டெகாட் பதக்கம் பெற்றது. சிறுவனின் இனத்தைச் சொற்கள் எங்கும் கூறவில்லை, தாயின் உருவம் பழைய அச்சில் வார்த்தது என லாரிக் அதனையும் குறைகூறினார். 2020இல் நியூயார்க் பொது நூலகம், தன் 125 ஆண்டு வரலாற்றில் மிகுதியாக இரவல் பெறப்பட்ட பத்து நூல்களை அறிவித்தது. 485,583 முறை இரவல் போன ‘தி ஸ்னோயி டே’ முதலிடம் பெற்றது. ‘குட்நைட் மூன்’ அப்பத்தில் இல்லை. 1972வரை வாங்கப்படாமையே அதற்குக் காரணம் என்ற குறிப்புடன் சிறப்புச் சுட்டாக மட்டும் அது சேர்க்கப்பட்டது.