ஒன்றும் நடக்காத ஒரு சனிக்கிழமை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு வளைகாப்பு. எல்லோரும் வந்திருந்தார்கள், என் தங்கை மகளைத் தவிர. அவள் சென்னையில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறாள். "சனிக்கிழமை ராத்திரி டி.ஆர். டிரில் இருக்கு பெரியம்மா, முடிய ஞாயிறு காலை ஆயிடும்" என்று போனில் சொல்லிவிட்டாள். பந்தியில் இதுதான் பேச்சு. "பேங்க்ல ஏதாவது கெட்டுப்போச்சா?" என்று ஒருவர் கேட்டார். "ஒண்ணும் கெடலையாம். கெட்டா என்ன பண்றதுன்னு ஒத்திகையாம்" என்றாள் என் தங்கை. "ஒண்ணுமே நடக்காததுக்கா பொண்ணு விசேஷத்துக்கு வரல?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதிவு.

அடுத்த வாரம் அவளை அழைத்து, "அது என்னம்மா வேலை, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். சொன்னாள். அதன் பிறகு நானே தேடிப் படித்தேன். அதற்குள் பெரிய வரலாறே இருக்கிறது.

முதலில் சின்னப் பாடம். வங்கியில் உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு பெரிய பதிவேட்டில் இருக்கிறது. அதைத் தரவுத்தளம் என்கிறார்கள். அது ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில் இருந்தால், அங்கே தீயோ வெள்ளமோ வந்தால் எல்லாம் போச்சு. அதனால் வேறொரு ஊரில் இன்னொரு பதிவேடு இருக்கும். முதல் பதிவேட்டில் ஒரு வரி எழுதியதும், "இன்ன மாற்றம் செய்தேன்" என்ற குறிப்பு இரண்டாவதற்குப் போகும். அது அந்தக் குறிப்பைப் படித்துத் தன்னிடமும் அதே மாற்றத்தைச் செய்துகொள்ளும். ஆனால் தானாக எதையும் எழுதாது. முதலாவது முதன்மை, இரண்டாவது காத்திருப்பு.

இந்த இருவரும் இடம் மாறுவது இரண்டு வகை. முதலாவது, திட்டமிட்ட மாற்றம். முதன்மை எழுதுவதை நிறுத்தும், கடைசிக் குறிப்பு வரை அனுப்பும், காத்திருப்பு "எல்லாம் வந்தது" என்று சொன்ன பிறகு பொறுப்பை ஏற்கும். இதை ஸ்விட்ச் ஓவர் என்கிறார்கள். தலைமை ஆசிரியர் சாவியையும் பதிவேடுகளையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு மாறுதலாகிப் போவதைப் போல. இரண்டாவது, முதன்மை திடீரென விழுந்துவிட, இருப்பதை வைத்துக் காத்திருப்பு பொறுப்பேற்பது. அது ஃபெயில் ஓவர். அங்கே ஒப்படைப்பு கிடையாது. கடைசி நேரத்தில் எழுதிய சில வரிகள் வந்து சேராமலே போயிருக்கலாம்.

தொடக்க காலத்தில் இந்த வசதியெல்லாம் இல்லை. ராத்திரி வேலை முடிந்ததும் பதிவேட்டைக் காந்த நாடாவில் நகலெடுத்து, வண்டியில் ஏற்றி வேறு கட்டடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். விபத்து நடந்தால் நேற்று ராத்திரி வரைதான் மிஞ்சும். இன்று நடந்த வரவு செலவு போனது போனதுதான். 1990களில்தான் ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்களிலேயே காத்திருப்பு என்ற ஏற்பாடு வந்தது. 2001இல் வந்த ஆரக்கிள் 9ஐ பதிப்பில் 'டேட்டா கார்ட்' என்ற பெயரில் அது முழு வடிவம் பெற்றது.

அதே 2001இல்தான் உலகமே இந்த ஏற்பாட்டின் அருமையைப் பார்த்தது. செப்டம்பர் 11, நியூயார்க் இரட்டைக் கோபுரம். வடக்குக் கோபுரத்தின் மேல் தளங்களில் கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற நிறுவனம் இருந்தது. அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்பதில் மிகப் பெரிய இடைத்தரகர். விமானம் மோதியது அவர்களுடைய தளங்களுக்குக் கீழே. அன்று காலை அலுவலகத்தில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் 658 பேர்.

ஆனால் அவர்களுடைய கணினிகளுக்கு நியூ ஜெர்சியில் ரோஷெல் பார்க் என்ற ஊரில் ஓர் இரட்டை இருந்தது. செப்டம்பர் 13, வியாழக்கிழமை காலை கடன் பத்திரச் சந்தை திறந்தபோது, அந்த நிறுவனத்தின் மின்னணு வர்த்தகமும் திறந்தது. இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

இதில் என்னைக் கலங்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. கணினிகள் இருந்தன, தரவு இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான கணக்குகளுக்குக் கடவுச்சொல் தெரிந்தவர்கள் உயிரோடு இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். கடவுச்சொல்லை ஊகிப்பதற்காக, இறந்தவர்களின் வீட்டாரை அழைத்துத் திருமண நாள், வளர்ப்பு நாயின் பெயர் என்றெல்லாம் கேட்க வேண்டியிருந்தது. துக்க வீட்டில் போய் அதைக் கேட்டவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பதிவேட்டுக்கு நகல் வைத்தார்கள், மனிதர் தலைக்குள் இருந்ததற்கு நகல் இல்லை.

சரி, அப்படியானால் முதன்மைக்கு ஏதாவது ஆனதும் கணினியே தானாகக் காத்திருப்புக்கு மாறிவிட்டால் நல்லதுதானே? நானும் அப்படித்தான் கேட்டேன். "அங்கதான் பெரியம்மா ஆபத்தே" என்றாள்.

நம்மில் பல பேர் தேர்தல் பணி பார்த்தவர்கள். வாக்குப்பதிவு இயந்திரம் நடுவில் பழுதானால், மண்டல அலுவலர் கொண்டுவரும் மாற்று இயந்திரத்தை வைப்போம். பழையதில் விழுந்த வாக்கு பழையதில் பத்திரமாக இருக்கும், புதியதில் சுழியத்திலிருந்து தொடங்கும். எண்ணும்போது இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். வாக்கு என்பதால் அது சரிவரும். வங்கிக் கணக்கில் அப்படிக் கூட்ட முடியாது. ஒரே கணக்கில் இருக்கும் ஆயிரம் ரூபாயை, இந்த ஊர்ப் பதிவேடு ஒருவருக்கும் அந்த ஊர்ப் பதிவேடு இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டால், பிறகு எந்த ஏடு உண்மை? பழைய முதன்மை சாகாமல், தானே இன்னும் முதன்மை என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தால் இதுதான் நடக்கும். ஒரு பள்ளிக்கு இரண்டு தலைமை ஆசிரியர்கள் ஒரே நாளில் இரண்டு சுற்றறிக்கை விட்டதைப் போல.

இது உண்மையிலேயே நடந்திருக்கிறது. கணினி நிரல் எழுதுகிறவர்கள் உலகம் முழுவதும் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில், 2018 அக்டோபர் 21 அன்று ஒரு பழுதான கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு நடந்தது. அப்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த முதன்மை நிலையத்தின் இணைப்பு 43 நொடி அறுந்தது. மூச்சு விடும் நேரம். அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரைத் தரவுத்தளத்தை முதன்மை ஆக்கிவிட்டது. கிழக்கே எழுதிய சில வரிகள் மேற்கே போகவில்லை. இணைப்பு திரும்பியபோது மேற்கே புதிய வரிகள் சேர்ந்துகொண்டிருந்தன. இரண்டு ஏடும் இரண்டு கதை சொல்லின. அவர்கள் தளத்தை அவசரமாக ஓட்டுவதைவிடத் தரவு முக்கியம் என்று முடிவெடுத்து, எல்லாவற்றையும் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. 43 நொடிக்கு 24 மணி நேரம்!

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே நடந்தது இதற்கு நேர் எதிர்.

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. மும்பையில் உள்ள தேசியப் பங்குச் சந்தையில் (என்.எஸ்.இ.) காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது. இரண்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கியிருந்த தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு. அதைத் தொடர்ந்து, பரிவர்த்தனைகளின் ஆபத்தைக் கணக்கிடும் அமைப்பு இயங்கவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. வழக்கமாகச் சந்தை மூடும் நேரம் 3.30. அதற்குள் திறக்குமா திறக்காதா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்க நினைத்தவர்களின் பங்குகளைப் பல தரகர்கள் மும்பையின் இன்னொரு சந்தையான பி.எஸ்.இ.யில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் 3.45க்கு என்.எஸ்.இ. மறுபடி திறந்து 5 மணி வரை நடந்தது. நஷ்டப்பட்டவர்கள் பெரிய முதலாளிகள் மட்டும் இல்லை, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்டவர்களும்தான்.

இதில் நமக்கு ஒரு சம்பந்தம் உண்டு. என்.எஸ்.இ.யின் பேரிடர் மீட்பு நிலையம் இருப்பது நம் சென்னையில்! அந்த நான்கு மணி நேரமும் அது அங்கேதான் இருந்தது. வர்த்தகம் அங்கே மாறவில்லை. கட்டுப்பாட்டு அமைப்பான செபி அன்றே கேட்ட கேள்விகளில் ஒன்று இதுதான்: மீட்பு நிலையத்துக்கு ஏன் மாறவில்லை?

ஏன் சென்னை என்று கேட்பீர்கள். ஒரே பேரிடரில் இரண்டும் சிக்காதபடி, மீட்பு நிலையம் முதன்மை நிலையத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. மும்பையில் பூமி குலுங்கினால் அங்கே குலுங்கக் கூடாது. ஆனால் தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பை சென்னை இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். குறிப்பு போய்ச் சேர்ந்து "வந்தது" என்ற பதில் திரும்ப, நொடியில் நூறில் ஒரு பங்காவது ஆகும். நமக்கு அது ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரிக்கும் அப்படிக் காத்திருந்தால் சந்தை தாங்காது. அதனால் பக்கத்திலேயே ஒரு நிலையம் வைத்து, அங்கே ஒரு வரிகூட விடாமல் உடனுக்குடன் நகலெடுக்கிறார்கள். தூரத்து நிலையம் கொஞ்சம் பின்தங்கியே வரும்.

ஒரு மாதம் கழித்து, மார்ச் 2021இல், செபி விதிகளை இறுக்கியது. முக்கியமான அமைப்பு ஒன்று நின்றால், 30 நிமிடத்துக்குள் அதைப் 'பேரிடர்' என்று அறிவித்துவிட வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீட்பு நிலையத்திலிருந்து இயங்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த முதல் 30 நிமிடம். இயந்திரத்துக்குக் கெடு வைப்பது எளிது. இது மனிதருக்கு வைத்த கெடு. "இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லிச் சொல்லியே நேரம் போகும் அல்லவா? மாறிவிட்டு அங்கேயும் தவறினால் பழி யாருக்கு என்ற பயமும் இருக்கும். அந்தத் தயக்கத்துக்குத்தான் கெடு. அதோடு, முன்னறிவிப்பு இல்லாமலும் மீட்பு நிலையத்திலிருந்து சந்தையை நடத்திக் காட்ட வேண்டும் என்றும் விதி வந்தது.

2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறை நாளில் சந்தை திறந்தது. காலை 9.15 முதல் 10 வரை முதன்மை நிலையத்திலிருந்து வர்த்தகம். பிறகு இடைவெளி. 11.30 முதல் 12.30 வரை மீட்பு நிலையத்திலிருந்து வர்த்தகம். பொம்மைப் பணம் இல்லை, உண்மையான வாங்கல் விற்றல். விலை தாறுமாறாகப் போகாமல் இருக்க, பங்குகளுக்கு 5 விழுக்காடு எல்லை வைத்தார்கள். மே 18 அன்றும் இப்படி ஒரு சனிக்கிழமை நடத்தினார்கள். மறுநாள் செய்தித்தாளில் பெரிதாக எதுவும் வரவில்லை. ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஒன்றும் நடக்காததுதான் பெரிய சாதனை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. நகல் வைத்திருப்பது பாதி வேலைதான். கிட்ஹப்பில் நகல் இருந்தது, யோசிக்காமல் மாறியதால் தொல்லை. பங்குச் சந்தையிலும் நகல் இருந்தது, மாறாததால் தொல்லை. எப்போது மாறுவது, யார் சொல்வது, மாறிய பிறகு பழையதை எப்படி அடக்கி வைப்பது, திரும்ப எப்படி வருவது, இதெல்லாம் ஆபத்து நாளில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் பாடம் இல்லை. அமைதியான நாளில் பலமுறை செய்து கை பழகியிருக்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் நம்மைப் பயிற்சி வகுப்புக்கு அழைத்தபோது, "எத்தனை தடவைதான் இதையே சொல்வார்கள்" என்று அலுத்துக்கொண்டவள்தான் நானும்.

தங்கை மகளுக்கு மறுபடியும் போன் செய்து, "அன்னைக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிச்சேன்மா, தப்பு" என்றேன். "பரவாயில்ல பெரியம்மா, எங்களுக்குப் பழக்கம்தான். டிரில் நல்லா முடிஞ்சா 'என்ன வேலை பாக்கறீங்க'ன்னு கேப்பாங்க. சரியா முடியலன்னாலும் அதையேதான் கேப்பாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மாணவர்களில் எத்தனையோ பேர் இந்த வேலையில் இருக்கிறீர்கள். தீபாவளிக்கு மறுநாள் ஊர் திரும்புகிறீர்கள், சனி ராத்திரி கண் விழிக்கிறீர்கள். உங்கள் அம்மா அப்பாவுக்கு அது என்ன வேலை என்று சொல்லத் தெரியாமல் விட்டிருப்பீர்கள். இந்தப் பதிவைப் படித்துக் காட்டுங்கள். உறவுகளுக்கு ஒரு வார்த்தை: அடுத்த விசேஷத்துக்கு நம் பிள்ளை ஒருவர் "டிரில் இருக்கு, வர முடியல" என்றால் கேலி செய்யாமல், ஒரு தூக்கில் பலகாரம் எடுத்து வையுங்கள். நம்முடைய ஓய்வூதியம் மாதா மாதம் சரியாக வந்து விழுவதற்குப் பின்னால் இப்படி எத்தனை பேருடைய சனிக்கிழமைகள் இருக்கின்றனவோ.

தொழில்நுட்பத்தில் எங்காவது தவறாக எழுதியிருந்தால் மாணவர்கள் தயங்காமல் திருத்துங்கள். இந்த முறை சிவப்பு மை உங்கள் கையில்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்