காயம்பட்ட போர்வீரர் இடமாற்றம்: கடலூர், சிதம்பரம் (1781–1784)

இரண்டாம் மைசூர்ப் போரில் (1780–84) கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூரார் என மூன்று தரப்பாரின் காயம்பட்டோரும் நோயாளிகளும் கிடந்தனர். 1781 ஜூன் 18-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை, மைசூர்க் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டைக்கு அருகே மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியை வென்றது. தாக்கியதும் பின்வாங்கியதும் வென்றதும் போர் வரலாற்று நூல்களில் விரிவாகவே உள்ளன. அடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவற்றில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அந்த வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: அன்று சிப்பாயின் உயிரைத் தீர்மானித்ததில் ரண வைத்தியரின் கத்தியைவிடப் பெரிய பங்கு, அவனை எங்கே, யாரிடம் அனுப்புவது என்று மேலதிகாரிகள் எழுதிக்கொண்ட, சில வேளை எழுதாமலே விட்ட, கடிதங்களுக்கு இருந்தது.

இதற்கு முதன்மையான சான்று 1782-இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சுக் கடற்படை ‘ஹன்னிபால்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பலைப் பிடித்தது. ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனிடம் கைதிகள் பெருகினர். சோறு போட வழியில்லை. பாதுகாப்பான துறைமுகமும் இல்லை: திருகோணமலை அவர் வசம் வந்ததே ஆகஸ்ட் இறுதியில்தான். கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று சென்னை ஆளுநர் மெக்கார்ட்னியிடம் கேட்டார், காரியம் நடக்கவில்லை. பயிற்சி பெற்ற மாலுமிகளைத் திருப்பித் தந்தால் எதிரியின் கப்பல்களுக்கு ஆள் சேரும் என்பது சென்னையின் கணக்கு. மெக்கார்ட்னியும் கூட்டும் ஒத்துப்போகாதவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் சுஃப்ரேன் சில நூறு கைதிகளைக் கடலூரில் இறக்கி, கூட்டாளியான ஹைதரிடம் ஒப்படைத்தார். அவர்கள் சிதம்பரத்துக்கும், பிறகு மைசூர்ச் சீமைக்கும் நடத்திச் செல்லப்பட்டனர். அவர்களுள் ‘ஹன்னிபால்’ கப்பலின் சிறுவன் ஜேம்ஸ் ஸ்கரியும் ஒருவன். 1784 மார்ச் 11-இல் போரை முடித்த மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாகிக் கைதிகள் பலர் விடுதலையானபோதும் அவனைப் போன்ற சிறுவர்கள் விடப்படவில்லை. தப்பித்துத்தான் வந்தான். சிறையனுபவம் 1824-இல்தான் நூலாக வெளிவந்தது.

பழியெல்லாம் சுஃப்ரேனுடையது என்று அன்றைய ஆங்கிலேயர் எழுதினர். அதில் பாதி நியாயம் உண்டு: மைசூர்ச் சிறைகளின் நிலை அவருக்குத் தெரியாதிருக்க முடியாது, பொல்லிலூர்ப் போரில் பிடிபட்ட ஆங்கிலத் தளபதி பெய்லியின் ஆட்கள் 1780 முதலே அங்கே அடைபட்டிருந்தனர். ஆனால் மாற்றிக்கொள்ள மறுத்த தரப்பு, மறுப்பின் விளைவிலிருந்து கை கழுவிக்கொள்ள முடியாது. ஐரோப்பாவில் 1743-லேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் காயம்பட்டோர் குறித்து உடன்பாடு செய்திருந்தனர். வழிமுறை தெரியாமல் நேர்ந்த பிழை அல்ல இது.

அக்கால வைத்தியமே அரைகுறை, எங்கே கொண்டுபோயிருந்தாலும் செத்திருப்பார்கள் என்பது இன்னும் வலுவான மறுப்பு. துப்பாக்கிக் குண்டுபட்டுச் சீழ்பிடித்த தொடைக்கு அது பொருந்தலாம். போரில் பெருவாரியாக ஆளைக் கொன்றது குண்டு மட்டும் அல்லவே. 1783 ஜூன் 13-இல் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டின் படை கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் அரண்களைத் தாக்கி ஆயிரம் பேர் அளவில் இழந்தது. அதே வாரங்களில் கடலில் நின்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களில் ஸ்கர்வி பரவியிருந்தது: ஈறு வீங்கி இரத்தம் கசியும், ஆறிய பழைய புண் மீண்டும் வாய்பிளக்கும். மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1753-லேயே எழுதியபடி, அதற்கு மருந்து எலுமிச்சையும் ஆரஞ்சும். கரையில் இறக்கிக் காயும் கனியும் கொடுத்தால் ஆள் தேறுவான். அங்கே இடமாற்றமேதான் சிகிச்சை. ஜூன் 20-இல் சுஃப்ரேனோடு மோதியபின் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பியதற்குத் தண்ணீர்த் தட்டுப்பாட்டோடு இந்த நோயும் காரணம். சில நாளில் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து, ஜூலை 2-இல் கடலூரில் சண்டை நின்றது. முந்தைய ஆண்டு நகராத கைதி மாற்றத்துக்கு ஒரு காகிதம் வழி திறந்தது.

1864 ஆகஸ்ட் 22-இல் கையெழுத்தான முதல் ஜெனீவா உடன்படிக்கை, காயம்பட்டவனை எந்தப் பக்கத்தவன் என்று பாராமல் பேண வேண்டும் என்றது. 1949-இன் மூன்றாம் உடன்படிக்கை ஒரு படி மேலே போய், கடும் காயமுற்ற கைதியைப் போர் முடியும்வரை காத்திராமல் சொந்த நாட்டுக்கு அனுப்பக் கட்டளையிட்டு, அதைப் பரிசீலிக்க மருத்துவக் குழுக்களையும் வகுத்தது. சென்னையும் கடலூரும் பேசி முடிக்காமல் விட்ட காரியம் இதுதான்.

இந்த வரலாற்றில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஸ்கரி எழுதினான், அவனைப் போல வெள்ளையர் இன்னும் சிலர் எழுதினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் பட்ட காயத்துக்கு அப்படி நூல் இல்லை. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் அதிகாரியாக இருந்த ராபர்ட் கிளைவின் பெயரால் 1770-இல் ஏற்பட்ட ஊனமுற்றோர் நிதியும் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. காயம்பட்டவர்களைத் தோளில் தூக்கிச் சென்ற டோலிக்காரர்களும் பதிவில் இல்லை. டோலிகள் விரைந்து வந்து காயம்பட்டோரைத் தூக்கிச் சென்றதாகச் சொன்ன ஒரு போர்ச் செய்தியை, டோலி என்பது ஏதோ கொடிய காட்டுக் கூட்டம் என்று எண்ணி லண்டன் நாடாளுமன்றத்தில் ஒருவர் பொங்கி எழுந்தாராம். கதையாகவே இருக்கலாம், டோலிக்காரர்கள் இங்கிலாந்தின் பேச்சில் இடம்பெற்றதாக நினைவில் நிற்பது இந்த ஒரு வேடிக்கையில்தான்.